தண்ணி வேண்டாமுங்க!

அணை கட்டித் தாருங்கள் என்று ஊர்வலம் போன விவசாயிகளைப் பார்த்திருப்பீர்கள். மதகைத் திறங்கள் என்று மறியல் செய்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். 'ஐயா சாமி, இந்த அணையில் தயவுசெய்து தண்ணீரைத் தேக்காதீர்கள்' என்று விவசாயிகளே கோர்ட் படி ஏறிய கதையைக் கேட்டிருக்கிறீர்களா?

நம்ம ஊர்க் கதைதான். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போய், அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஒரத்துப்பாளையம். நொய்யலின் குறுக்கே ஓர் அணை. 40 அடி உயரம், 61 கோடி கன அடிக்கு மேல் கொள்ளளவு, செலவு 16 கோடி ரூபாய்க்கு மேல். 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெற வேண்டும், அதில் பெரும்பகுதி கரூர்ப் பக்கம். இதெல்லாம் காகிதக் கணக்கு. காகிதத்தில் எழுதாத கணக்கு ஒன்று அணையின் அடியில் இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம். சேறு!

மூக்கைச் சுளிக்காதீர்கள். சேற்றைப் போல நாணயமாகக் கணக்கு எழுதும் ஆளை நான் பார்த்ததில்லை. பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

முதலில் ஆற்றைப் பார்த்துவிடலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரரைத் தொட்டு, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேரும் ஆறு இது. காஞ்சிமாநதி என்று பழைய பெயர். வழியெங்கும் தடுப்பணைகளும் குளங்களும் வாய்க்கால்களும் வைத்து, மழைக்கு மட்டும் பெருகும் ஓர் ஆற்றை வருஷம் முழுக்கச் சோறு போட வைத்தார்கள் நம் பெரியவர்கள்.

ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே, அதே நொய்யலின் வடகரையில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பெயர் சொல்லும் ஊர். 1980-களில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்ட ஆரம்பித்தது. நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம் எல்லாவற்றையும் பட்டை தீட்டி மணியாக்கிய பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் என்று வரிசையாக வெளியே வந்தன. தொல்லியல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? குழி வெட்டி, மண் அடுக்குகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். மேலே இருப்பது நேற்று, கீழே இருப்பது அதற்கு முந்தாநாள். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

அணையின் அடிச்சேறும் அதே மாதிரிதான். ஓடுகிற தண்ணீர் மண்ணைச் சுமந்துகொண்டு வரும். அணையில் வந்து நின்றதும் சுமையை இறக்கி வைத்துவிடும். முதலில் மணல் இறங்கும், கடைசியாக மாவு போன்ற களி. இந்தக் களிக்கு ஒரு குணம் உண்டு. ஈயம், செம்பு, துத்தநாகம், குரோமியம் என்று எந்த உலோகம் தண்ணீரில் வந்தாலும் பிடித்து ஒட்டிக்கொள்ளும். மட்கிய குப்பையும் அப்படியே. அதனால் தண்ணீரில் தேடினால் சொட்டு அளவில் கிடைக்கிற விஷம், அதே இடத்துச் சேற்றில் பல மடங்காகக் கிடைக்கும்.

கணக்குப் பிள்ளை பாஷையில் சொன்னால், தண்ணீர் என்பது அன்றாட ரொக்கப் புத்தகம். காலையில் ஒரு நிலவரம், சாயங்காலம் ஒரு நிலவரம். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் குழாயை மூடிவிடலாம். பாட்டிலில் பிடித்த தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். சேறு பேரேடு. வருஷக்கணக்காக வந்த வரவெல்லாம் அதில் ஏறியிருக்கும், அழிக்க முடியாது. ஒரத்துப்பாளையத்தில் இன்னொரு வசதி. 1992-க்கு முன்னால் அது ஆற்றங்கரை நிலம். சேற்றைத் தோண்டிக்கொண்டே போய்ப் பழைய நிலத்து மண் தட்டுப்பட்டால், அதற்கு மேலே இருப்பது அத்தனையும் அணை வந்த பிறகு சேர்ந்தது என்று அர்த்தம். தொடக்க இருப்பு எது, சேர்ந்தது எது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் பேரேடு எல்லா ஆற்றுக்கும் கிடைக்காது.

அணை வந்த பிறகு என்ன சேர்ந்தது? அதற்குத் திருப்பூருக்குப் போக வேண்டும்.

1970-களின் கடைசியில் பனியன் ஏற்றுமதி தொடங்கி, 80-களில் வேகம் பிடித்து, 90-களில் பறந்தது. வெள்ளை பனியன் போய் வண்ண வண்ண டி-ஷர்ட் வந்தது. வண்ணம் வேண்டுமென்றால் சாயப்பட்டறை வேண்டும். பருத்தி நூல் சாயத்தைச் சுலபமாகப் பிடிக்காது. பிடிக்க வைக்க உப்பைக் கொட்ட வேண்டும். சாதாரண உப்பு, கிளாபர் உப்பு என்று மூட்டை மூட்டையாக. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. அது அப்படியே கழிவாக வெளியே வரும். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள், நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்குக் குறையாத கழிவுநீர், எல்லாம் நொய்யலுக்கு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தையும் குப்பையையும் ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை நீக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை.

ஆக, பாசனத்துக்குக் கட்டிய அணை, கேட்காமலேயே திருப்பூரின் தெளிவுத் தொட்டியாகிவிட்டது. மழைத் தண்ணீர் வராத மாதங்களிலும் அணை நிறைந்தது. கலர் கலராக நிறைந்தது. மீன் செத்து மிதந்தது. அணையைச் சுற்றியிருந்த கிணறுகளுக்குள் ஊறி இறங்கியது.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போனபோது ஒரு பெரியவரைப் பார்த்தேன். அணைக்குக் கொஞ்சம் கீழே தோட்டம். கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"ஏனுங் தம்பி, கெணத்துல தண்ணி கெடக்குதுங்க. ஆனா ஆட்டுக்குட்டிக்குக்கூடக் காட்ட முடியாதுங்க. அந்தக் காலத்துல தண்ணி இல்லாமச் சீரழிஞ்சோம். அப்பறம் தண்ணி வந்து சீரழிஞ்சோமுங்க."

அவர் மட்டுமல்ல, அந்தப் பகுதியே வழக்குக்குப் போனது. 1996-ல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் இன்னொரு மனு. இடையில் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவாக, சூழல் இழப்பைக் கணக்கிட்டு நஷ்டஈடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்திருந்தது. அந்த ஆணையம் நொய்யலுக்கும் வந்தது. 2004 டிசம்பரில் 28,596 விவசாயிகளுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் என்று முடிவு சொன்னது. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு கறவை மாட்டுக்குக் காணுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் ஒரு விசித்திரமான விலைப்பட்டியல் போட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை 2007 ஜூலைக்குள் எட்டியாக வேண்டும். அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். முதல் மூன்று மாதத்துக்கு 6 பைசா, அடுத்து 8 பைசா, அதற்கடுத்து 10 பைசா. அதுநாள் வரை எந்த ஏற்றுமதியாளரின் ஐந்தொகையிலும் ஏறாத ஒரு செலவுக்கு, நீதிமன்றம் பைசாவில் விலை ஒட்டியது. நான் படித்த காஸ்ட் அக்கவுண்டன்ஸி பாடத்தில் நூல் விலை உண்டு, கூலி உண்டு, கரண்ட் பில் உண்டு. ஆற்றின் விலை என்று ஒரு வரி இல்லவே இல்லை. 2009 அக்டோபர் 6-ல் உச்ச நீதிமன்றமும், கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று உறுதி செய்தது. அப்படியும் சொன்ன நிலையை எட்டவில்லை என்றதும், 2011 ஜனவரி 28 அன்று அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். திருப்பூரே ஸ்தம்பித்தது. பட்டறையை நம்பிப் பிழைக்க வந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. இதை எழுதும்போது நான் போட்டிருக்கும் பனியனும் அந்த ஊர் பனியன்தான். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் வில்லனாக்கிவிட்டுத் தூங்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி என்று கோடிக்கணக்கில் போட்டு, தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் பட்டறைகள் மீண்டும் ஓடின.

ஒரத்துப்பாளையத்தைக் காலி செய்யவும் நீதிமன்றம் சொன்னது. தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வருகிற தண்ணீரைத் தேக்காமல் அப்படியே போக விடுவதே வழக்கமாகிப்போனது. தண்ணீர் போயிற்று. சேறு எங்கே போகும்?

இந்தக் கேள்வியை உலகத்தில் முதலில் சந்தித்தது ஒரத்துப்பாளையம் இல்லை. துறைமுகங்கள்.

துறைமுகத்துக்குத் தீராத நோய் ஒன்று உண்டு. ஆறு கொண்டு வந்து கொட்டும் வண்டலைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் கப்பல் உள்ளே வராது. எடுத்த சேற்றை எங்கே கொட்டுவது? படகில் ஏற்றிக்கொண்டு போய் ஆழ்கடலில் தள்ளிவிடுவதுதான் காலங்காலமாக நடந்தது. ஆலைகள் பெருகிய பிறகு அந்தச் சேற்றில் எண்ணெய், உலோகம், பூச்சிமருந்து எல்லாம் கலந்தது. 1972-ல் லண்டனில் நாடுகள் கூடி, கடலில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்ற பழக்கத்துக்கு ஒரு கடிவாளம் போட்டன. அதே வருஷம் அமெரிக்காவும் தனியாக ஒரு சட்டம் போட்டது. இனி, சேற்றைக் கொட்டுவதற்கு முன்னால் அது விஷமா இல்லையா என்று நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? ஆரம்பத்தில் அவர்கள் செய்த பரீட்சையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பங்கு சேறு, நான்கு பங்கு தண்ணீர். அரை மணி நேரம் நன்றாகக் குலுக்கு. தெளிந்த தண்ணீரை வடிகட்டி அதில் என்ன இருக்கிறதென்று பார். நம் வீட்டில் ரசத்துக்குப் புளி கரைக்கிற மாதிரிதான். கரைந்து வந்தது தெரியும். கரையாமல் சேற்றிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது? சேற்றுக்குள்ளேயே குடியிருந்து, சேற்றையே தின்று வாழும் ஜீவன்கள் தெளிந்த தண்ணீரிலா வாழ்கின்றன?

அப்படியானால் அந்த ஜீவன்களிடமே கேட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1977-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட கையேடு, கடலில் கொட்டப் போகும் சேற்றில் உயிர்களை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றது. பிறகு ஓரிகான் மாநிலக் கடற்கரையில் நியூபோர்ட் என்ற ஊரிலிருந்த ஆய்வகத்தில் ரிக் ஸ்வார்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் அந்தப் பரீட்சைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். 1985 வாக்கில் அது உலகமெங்கும் போயிற்று.

செய்முறை எளிமையோ எளிமை. மணலில் புதைந்து வாழும், இறால் ஜாதியைச் சேர்ந்த ஒரு பூச்சி. அரிசி மணி அளவு இருக்கும். ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சந்தேகத்துக்குரிய சேறு, மேலே கடல் நீர். அதில் இருபது பூச்சிகளை விடுவார்கள். ஒரே சேற்றுக்கு ஐந்து குடுவைகள், ஆக நூறு பூச்சி. பத்து நாள் காத்திருந்து, சல்லடையில் சலித்து, உயிரோடு இருப்பவற்றை எண்ணுவார்கள். அத்தோடு விட மாட்டார்கள். பிழைத்தவற்றை நல்ல மணலில் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் புதைகின்றனவா என்று பார்ப்பார்கள். புதையத் தெரியாத பூச்சி, கடலில் அடுத்த மீனுக்குப் பலகாரம். உயிர் இருந்தும் பிழைக்காத கேஸ் அது.

எனக்குப் பிடித்தது இதற்கப்புறம் உள்ள விஷயம். பக்கத்திலேயே இன்னும் ஐந்து குடுவைகள் இருக்கும். அவற்றில், பூச்சிகளைப் பிடித்த இடத்து நல்ல மணல். அங்கே நூற்றுக்குத் தொண்ணூறாவது பிழைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பரீட்சையே செல்லாது. ஏனென்றால் பூச்சி செத்தது சேற்றாலா, நம் கவனக்குறைவாலா என்று சொல்ல முடியாது. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் தன் தராசைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்கிற நியாயம். நம் ஊரில் எத்தனை சோதனைகள் இந்த விதிக்குக் கட்டுப்படுகின்றன என்று யோசித்தால்... சரி, வேண்டாம்.

நன்னீருக்கு வேறு ஜீவன். கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. அதன் புழு செக்கச் செவேல் என்று குளத்துச் சேற்றில் நெளியும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் உண்டு. அதனால் காற்று குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் தீனியாக வாங்கியிருப்பீர்கள். சாக்கடைக்கே அசராத அந்தப் புழு ஒரு சேற்றில் பத்து நாளில் செத்தாலோ, எடை ஏறாமல் சூம்பிப் போனாலோ, அந்தச் சேற்றைப் பற்றி அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

'உலோகத்தை மெஷினில் அளந்துவிட்டால் போதாதா, புழுவும் பூச்சியும் எதற்கு?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இங்கேதான் சூட்சுமம். சேற்றில் இவ்வளவு செம்பு இருக்கிறது என்று மெஷின் சொல்லும். அந்தச் செம்பு உயிருக்குள் போகிற நிலையில் இருக்கிறதா என்று சொல்லாது. காற்றுப் புகாத கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது கந்தக சமாச்சாரம். அந்தக் கந்தகம் உலோகத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துவிடும். லாக்கரில் நகை இருக்கிற மாதிரி. கணக்கில் உண்டு, கழுத்தில் இல்லை.

அதே சேற்றைக் காய விட்டால்? காற்று பட்டதும் கந்தகம் மாறுகிறது, பூட்டு திறக்கிறது, அடுத்த மழையில் உலோகம் கரைந்து கிளம்புகிறது. ஈரமாக இருந்தபோது சாதுவாக இருந்த சேறு, காய்ந்து நனைந்த பிறகு வேறு ஆள். அதனால்தான் இந்தச் சோதனைக்குச் சேறு எடுக்கிறவர்கள் காற்றுப் படாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, சில வாரங்களுக்குள் முடித்துவிடப் பறக்கிறார்கள். கோணியில் அள்ளி வந்து மொட்டை மாடியில் உலர்த்திச் சோதித்தால் வருகிற விடை வேறு.

ஒரத்துப்பாளையத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். தண்ணீரைத் தேக்கினால் கிணறு கெடுகிறது என்று அணையைக் காலி செய்தோம். காலி செய்ததால் சேறு வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. தேக்கியிருக்கவும் முடியாது, காய விட்டதும் முழுத் தீர்வல்ல. கோர்ட்டுக்குப் போனவர்கள் மேல் தப்பே கிடையாது. அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் அந்த வருஷங்களின் சண்டையில் எல்லார் வாயிலும் இருந்தது டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேலா, கீழா? உப்பு முக்கியம்தான், பயிரைக் கொன்றது அதுதான். ஆனால் உப்பு மழைக்குக் கரைந்து போகிற ஆசாமி. களியில் ஒட்டிய உலோகம் அப்படியல்ல, அது நின்று நிதானமாகக் குடியிருக்கும்.

சரி, விஷச் சேறு என்று தெரிந்துவிட்டது. தோண்டி எறிந்துவிட வேண்டியதுதானே? இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

ஜப்பானில் மினமாட்டா. சிஸ்ஸோ கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்ற மனிதர்களின் மூளையைத் தின்ற ஊர். 1956 மே மாதம் நோய் வெளியே தெரிந்தது. கழிவு நின்றது 1968-ல். விரிகுடாவின் அடியில் பாதரசச் சேறு அப்படியே கிடந்தது. 1977-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். உடனே ஊர்க்காரர்களில் சிலர் கோர்ட்டுக்கு ஓடினார்கள். கலக்கினால் மறுபடி மீனுக்குள் போகும் என்ற பயம். பாதிக்கப்பட்டவர்களே தடை கேட்டதால் வேலை நின்றது. 1980-ல் தடை நீங்கி, 1990 வரை நடந்தது. சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. அதைக் கரையோரமாகக் கொட்டி, மேலே நல்ல மண் மூடி, 58 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கினார்கள். மீன் வெளியே போகாமல் விரிகுடா வாயில் கட்டியிருந்த வலையை அவிழ்த்தது 1997-ல்! நோய் தெரிந்து நாற்பத்தொரு வருஷம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், ஹோப்வெல் என்ற ஊர். கெபோன் என்ற பூச்சிமருந்து தயாரித்த கம்பெனி ஒன்றில் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் வந்து 1975-ல் விவகாரம் வெடித்தது. பக்கத்திலிருந்த ஜேம்ஸ் ஆறு முழுக்கச் சேற்றில் கெபோன். அந்த வருஷம் மீன்பிடிக்கப் போட்ட தடை முழுசாக நீங்க 1988 ஆயிற்று. தோண்டி எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். நூறு கோடி டாலர்களைத் தாண்டிப் போனது. கலக்கினால் ஆபத்து வேறு. கடைசியில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஆறு வருஷா வருஷம் கொண்டு வரும் நல்ல வண்டல் மேலே படிந்து, விஷத்தைத் தானே மூடட்டும் என்று விட்டுவிட்டார்கள். சோம்பேறித்தனம் போலத் தெரிகிறது. ஆனால் சேற்றையும் மீனையும் விடாமல் சோதித்துக்கொண்டே சும்மா இருந்தார்கள். நாம் சும்மா இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

தோண்டுவதா, மூடுவதா, விட்டுவிடுவதா? 1985-ல் எட்வர்ட் லாங், பீட்டர் சாப்மன் என்ற இருவர் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்கழிச் சேற்றை வைத்து, இதற்கு முக்காலி மாதிரி ஒரு முறை சொன்னார்கள். ரசாயனத்தை அளந்து பார். சேற்றில் உயிரை விட்டுப் பார். அந்த இடத்தில் இயற்கையாக வாழ்கிற ஜீவன்கள் இருக்கின்றனவா, ஓடிவிட்டனவா என்றும் போய்ப் பார். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகமில்லாமல் இறங்கு. ஒரு கால் குட்டையாக இருந்தால் ஏன் என்று யோசி.

நம் சட்டத்தில் இந்த யோசனையின் ஒரு துளி இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆலை வெளியே விடும் கழிவுநீருக்கு ஒரு நிபந்தனை உண்டு. கலப்படம் செய்யாத முழுக் கழிவுநீரில் மீனை விட்டால், 96 மணி நேரத்துக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும். படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நல்ல விதி. தண்ணீருக்கு எழுதியவர்கள், அது கொண்டு போய்ச் சேர்க்கும் சேற்றுக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு வரம்பை எழுதவில்லை. எல்லோரும் ரொக்கப் புத்தகத்தைத்தான் கேட்டார்கள். பேரேட்டை யாரும் கேட்கவில்லை.

கிணற்றடிப் பெரியவரிடம் திரும்பி வருகிறேன். 2017-லிருந்து குளங்களிலும் ஏரிகளிலும் வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தந்தது நினைவிருக்கும். கொங்கு நாட்டில் குளத்து மண் அடிப்பது என்பது பரம்பரை வழக்கம். கோடையில் வண்டி கட்டி அடித்துவிட்டால் காடு இரண்டு மூன்று வருஷத்துக்குக் கொழிக்கும். அவர் கேட்ட கேள்வி இதுதான்.

"எல்லாப் பக்கமும் மண்ணு அடிக்கறாங்க. இந்த அணை மண்ணையும் தென்னைக்கு அடிக்கலாமுங்களா? பாத்தா கருகருன்னு நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க பத்திரிகைக்காரரு, சொல்லுங்."

என்னிடம் பதில் இல்லை. 'அடிக்காதீங்க' என்று சொன்னேன். அது பயத்தில் சொன்னது, சோதனை பார்த்துச் சொன்னதல்ல. கருகருவென்று இருப்பது மட்கிய சத்தாலும் இருக்கலாம், கந்தகம் பிடித்து வைத்த உலோகத்தாலும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அணை முழுக்க ஒரே மாதிரியும் இருக்காது. ஆறு உள்ளே நுழைகிற வாயில் மணல், மதகருகே களி. ஒரே ஒரு பாக்கெட் மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு கட்டினால் அதுவும் ஏமாற்றுதான்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, விதை வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு என்றேன். அதுவும் உலகம் ஒப்புக்கொண்ட முறைதான். ஒரு சட்டியில் அணை மண், இன்னொரு சட்டியில் அணைத் தண்ணீர் எட்டாத மேட்டுக் காட்டு மண். இரண்டிலும் எண்ணி ஐம்பது பச்சைப்பயறு. ஒரே கிணற்றின் நல்ல தண்ணீர், ஒரே நிழல். எத்தனை முளைக்கிறது, வேர் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று அளந்து எழுதுங்கள். உப்பு இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். குரோமியமும் ஈயமும் இருந்தால் இதில் தெரியாமலும் போகலாம், அதற்கு ஆய்வகம்தான் என்பதையும் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார்.

"இதென்னங் தம்பி, மாரியாத்தா கோயிலுக்கு முளைப்பாரி போடறதுதானுங்களே! எங்கம்மா மொளையப் பாத்தே இந்த வருஷம் காடு எப்பிடி வெளையும்னு சொல்லிப்போடும்."

"அதேதானுங்க ஐயா. ஆனா ரெண்டு சட்டி வைக்கோணும். மேட்டுக் காட்டு மண்ணு இல்லாம வெச்சா கணக்கு செல்லாது."

"ரெண்டென்னங், அஞ்சு வெக்கறேன்" என்றபடி சட்டி தேட எழுந்தார்.